ஒரு பட்டியல் பிறந்த கதை

1909-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தொழிலாளர்கள் படிப்பதற்கென்றே 1899-இல் தொடங்கப்பட்ட ரஸ்கின் கல்லூரி அது. தங்கள் முதல்வரை நிர்வாகம் வெளியே அனுப்பியதும் மாணவர்கள் வகுப்புக்குப் போக மறுத்தார்கள். ஒரு பகுதியினர் பிரிந்துபோய்த் தனிக் கல்லூரியே தொடங்கிவிட்டார்கள். இந்த ரகளை ஓய்ந்த இடத்தில் புதிய முதல்வராக வந்து உட்கார்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தின் பொது நிலங்களைப் பெரிய மனிதர்கள் வேலி போட்டு எடுத்துக்கொண்ட காலத்தில், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த குடியானவர்கள் என்ன ஆனார்கள் என்று 1907-இல் புத்தகம் எழுதியவர். முதல் உலகப் போர் மூண்ட பின், 1915-இல் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். இந்தியப் பொருளாதாரப் பேராசிரியர் என்பது பதவியின் பெயர்; சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதில் அமர்ந்த முதல் ஆள் அவர். வந்த பிறகுதான் தெரிந்தது, அவர் கற்பிக்க வேண்டிய பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று.

சர்க்காரிடம் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. சர்வே எண், நஞ்சை, புஞ்சை, தீர்வை எல்லாம் கர்ணத்தின் கணக்கில் இருந்தன. ஆனால் ஒரு வீட்டில் எத்தனை வேளை அடுப்பு எரிகிறது, கூலியாக எத்தனை படி நெல் கிடைக்கிறது, கல்யாணத்துக்கு வாங்கிய கடன் எந்தத் தலைமுறையில் அடைகிறது என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. லண்டனில் சார்லஸ் பூத்தும் யார்க் நகரில் சீபோம் ரவுன்ட்ரீயும் வீடு வீடாக ஏறி இறங்கி வறுமையைக் கணக்கெடுத்த செய்தி ஸ்லேட்டருக்குப் பழகிய செய்தி. அங்கே அவர்கள் கையில் பணம் இருந்தது, ஆள் இருந்தார்கள். இங்கே ஸ்லேட்டரிடம் இருந்தவர்கள் மாணவர்கள் மட்டும். மாணவர்களிடமோ ஆளுக்கொரு ஊர் இருந்தது. வருஷத்துக்கொரு விடுமுறையும் இருந்தது.

அவர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். ஊருக்குப் போகிற பையன்கள் அதைக் கையோடு கொண்டுபோனார்கள். நிலம் யாரிடம், பயிர் என்ன, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, ஊரைவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்து எழுதி வந்தார்கள். 1916-ஐ ஒட்டி நடந்த அந்த வேலை 1918-இல் 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வந்தது. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், ராமநாதபுரத்தின் வடமலைபுரம், தஞ்சையின் பாலக்குறிச்சி, தென்னாற்காட்டின் இருவேல்பட்டு, வட ஆற்காட்டின் தூசி ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற தமிழ் ஊர்களில் சில. தூசி, பல்லவர் காலத்து மாமண்டூர் ஏரியை ஒட்டிய ஊர். காஞ்சிபுரத்துக்குப் பக்கம் என்றாலும் இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்த வாசகர்கள் இருவேல்பட்டுக்கு வந்ததும் நின்றார்கள்.

அங்கே படியாள் என்றொரு கூட்டம் இருந்தது. எந்தத் தலைமுறையிலோ வாங்கிய சிறு கடனுக்காக ஒரு மிராசுதாரிடம் கட்டுப்பட்டுக் கிடந்தவர்கள். கடன் ஒருநாளும் அடைவதில்லை. அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கியது. நிலக்காரர் நிலத்தை விற்றாலோ செத்தாலோ, நிலத்தோடு ஆளும் கைமாறினான். அடிமைமுறை ஒழிக்கப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டதாகச் சட்டப் புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மாகாணத்தின் நடுவில் இப்படி ஒரு வாழ்க்கை இருப்பதை விடுமுறைக்கு ஊர் போன மாணவன் ஒருவன் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். பல்கலைக்கழகமும் கிராமமும் முதன்முதலாகச் சந்தித்த இடம் அது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சந்திப்பில் ஒரு கோணல் இருந்தது.

அன்றைக்குக் கல்லூரி வாசலை மிதித்தவர்களில் பெரும்பாலோர் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். கேள்வி கேட்டவன் பெரிய வீட்டுப் பையன். பதில் சொல்ல வேண்டியவன் அந்த வீட்டு வாசலில் நின்று கூலி நெல் அளந்து வாங்குகிறவன். கடன் எவ்வளவு என்று கடன் கொடுத்தவர் மகனே கேட்டால் என்ன பதில் வரும்? சேரிக்குள் கால் வைக்காமல் திண்ணையிலிருந்தே நிரப்பிய வரிகள் எத்தனையோ இருந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. வினாவும் அவர்களுடையது, விடையை எழுதிய கையும் அவர்களுடையது. அந்தக் கை மாறுவதற்கு எழுபது ஆண்டுக்கு மேல் பிடித்தது.

ஸ்லேட்டர் இருபதுகளின் தொடக்கத்தில் நாடு திரும்பினார். பின்னாளில் திராவிடப் பண்பாடு பற்றியும், ஷேக்ஸ்பியர் நாடகங்களை உண்மையில் எழுதியது யார் என்பது பற்றியும் புத்தகங்கள் எழுதினார். கிராமங்கள் நூலகத்தில் உறங்கின. இத்தோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 1936-இல் பல்கலைக்கழகத்தில் இருந்த பி.ஜே. தாமஸுக்கும் கே.சி. ராமகிருஷ்ணனுக்கும் ஒரு யோசனை வந்தது. புதிய ஊர்களைத் தேடாமல் ஸ்லேட்டரின் பழைய ஊர்களுக்கே மறுபடி போனால் என்ன? போனார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடன் மட்டும் சரியாமல் நின்ற காலம் அது. இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரை இரண்டு முறை பார்த்ததால், யார் கையிலிருந்த நிலம் யார் கைக்குப் போனது என்று சொல்ல முடிந்தது. 1940-இல் மறு ஆய்வு நூல் வந்தது. 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் அதே தடத்தில் வந்து போனார். அதற்குள் வயலில் வேறொரு புயல் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தது.

குட்டை ரக நெல் வந்தது. ஐ.ஆர்.8, பிறகு ஐ.ஆர்.20. யூரியா வந்தது, கிணற்றில் மின்மோட்டார் இறங்கியது. பசுமைப் புரட்சி பணக்காரர்களுக்கு மட்டும் பச்சையா, எல்லோருக்குமா என்று உலகம் முழுக்க வாதம் நடந்தது. விடை தேடி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் கைகோத்தன. பி.எச். ஃபார்மர் தலைமையில் 1973-இல் ஒரு குழு இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நம் வட ஆற்காட்டிலும் இறங்கியது. வட ஆற்காட்டில் தேர்ந்தெடுத்த ஊர்கள் பன்னிரண்டு. ஆரணியைச் சுற்றியிருந்த நேசல், விநாயகபுரம், வீரசம்பனூர் அவற்றில் சில. குழுவில் பொருளாதாரம் படித்தவர்கள் உண்டு, மானுடவியல் படித்தவர்கள் உண்டு. குடகைச் சேர்ந்த புள்ளியியலாளர் நஞ்சம்மா சின்னப்பா கணக்குகளைப் பார்த்தார். பார்பரா ஹாரிஸ் ஆரணியின் நெல் வியாபாரிகளையும் ரைஸ்மில்களையும் தேடிப் போனார். ஒருமுறை வந்தவர் நாற்பது ஆண்டுகளாக ஆரணியை விடவே இல்லை. கென்யாவில் மாவட்ட அதிகாரியாக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்த ராபர்ட் சேம்பர்ஸ் என்பவரும் அந்தக் குழுவில் இருந்தார். கதையின் திருப்பம் அவரிடமிருந்துதான் வந்தது.

கேள்வித்தாள் இப்போது ஸ்லேட்டர் காலத்தைவிடப் பல மடங்கு நீண்டிருந்தது. ஒவ்வொரு வயலுக்கும் உரம் எவ்வளவு, ஆள் எத்தனை, நாற்று எப்போது, அறுப்பு எப்போது என்று கேள்விக்கு மேல் கேள்வி. கேட்கிறவருக்கும் களைப்பு, சொல்கிறவருக்கும் களைப்பு. களவேலை 1973-74-இல் நடந்தது. நூல் வெளிவந்தது 1977-இல். சேம்பர்ஸுக்கு உறுத்தத் தொடங்கியது. இத்தனை காகிதத்தைச் சுமந்த ஆய்வாளர்கள் அதற்கே அடிமையாகிவிடுகிறார்கள், காகிதத்தில் கட்டம் இல்லாத விஷயம் கண் முன்னாலேயே நடந்தாலும் தவறிப்போகிறது என்று பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். அந்த நூலில் அவர் எழுதிய பகுதிகளில் ஒன்று, ஏரித் தண்ணீரையும் மனிதர்களையும் பற்றியது. எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்கு எத்தனை நாள் கழித்துத் தண்ணீர் போகும், யாருடைய வயல் எப்போதும் கடைசியில் காய்கிறது என்பதெல்லாம் நீர் பாய்ச்சுகிறவருக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், ஒரு கேள்வித்தாளும் இல்லாமல், ஊரின் ஏற்றத்தாழ்வையெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் நின்றார். அவரிடம் பென்சிலைக் கொடுத்தால் என்ன என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

1983-இல் சேம்பர்ஸ் ஊரக வளர்ச்சி பற்றித் தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஏழ்மை ஏன் தெரிவதில்லை என்று அதில் காரணங்களை அடுக்கினார். தார்ச்சாலை போகும் இடத்துக்குத்தான் ஜீப் போகிறது. மழைக்காலத்தில், வீட்டில் நெல் தீர்ந்து நோயும் சேர்ந்து வாட்டும் மாதங்களில் யாரும் வருவதில்லை. அறுவடை முடிந்து, வழி காய்ந்த பிறகு வருகிறார்கள். பேசக் கிடைப்பவர்கள் தலைவர், வாத்தியார், பெரிய விவசாயி. பெண்களும் கூலிக்காரர்களும் அந்நேரம் வேலைக்குப் போயிருப்பார்கள்.

இது எவ்வளவு உண்மை என்பதற்கு அடி அண்ணாமலையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்பக்கம் இருக்கிற ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானோர் அந்த ஊர் வழியாக நடந்துபோகிறார்கள். ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிடுகிறார்கள், சுக்குக் காப்பி குடிக்கிறார்கள், விளக்கு வெளிச்சத்தில் கடைகளைப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இத்தனை வெளியூர்க்காரர்கள் பார்த்த கிராமம் வேறு எத்தனை இருக்கும்? ஆனாலும் பார்ப்பதெல்லாம் பாதையின் இரு ஓரம். அதற்குப் பின்னால் உள்ள தெருவில் யாருக்கு நிலம் இருக்கிறது, பாதையோரத்து மனை விலை ஏறியதில் லாபம் யாருக்கு, வேலை போனது யாருக்கு என்பது நடந்துபோகிறவர் கண்ணில் படாது. சேம்பர்ஸ் காட்டிய ஓட்டை அதுதான். அடைக்கும் வழி மட்டும் இன்னும் தெரியவில்லை.

இதற்கிடையே வட ஆற்காட்டுக்கு இன்னொரு குழு வந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வாஷிங்டனிலிருந்து பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, பழைய ஊர்களைத் திரும்பப் பார்க்க 1982-இல் களம் இறங்கின. இறங்கிய நேரத்தில் வானம் பொய்த்தது. 1982-83 வறட்சி ஆண்டாகப் போய், மறு ஆண்டும் கணக்கெடுத்தார்கள். பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் 1991-இல் வெளியிட்ட முடிவு பலரைத் தூக்கிவாரிப்போட்டது. சிறு விவசாயியும் கூலிக்காரரும்கூட முன்னேறியிருக்கிறார்கள் என்றது அது. அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் நெல்லா, நெல்லுக்கு வெளியே கிடைத்த வேலையா என்ற சண்டை வேறு கிளம்பியது. ஒரே மண், ஒரே ஊர்கள், இரண்டு விதமான தீர்ப்பு. முன்னேற்றம் என்பதை எதைக் கொண்டு அளப்பது?

விடை ராஜஸ்தானிலிருந்து வந்தது. என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் அறுபதுகளில் தாம் படித்த இரண்டு கிராமங்களுக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் திரும்பப் போனார். கணக்குப்படி 36 குடும்பங்களின் உண்மை வருமானம் குறைந்திருந்தது, ஏழைகளாகியிருந்தார்கள். அவர்களிடமே போய், நல்ல வாழ்க்கை என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார். அவர்கள் 38 அடையாளங்களைச் சொன்னார்கள். முதலாளியின் இடத்தில் குடியிருக்க வேண்டாம். பஞ்ச காலத்தில் அவரிடம் தானியத்துக்குக் கை நீட்ட வேண்டாம். காலில் செருப்பு உண்டு. ஆடு மாட்டுக்குத் தனி இடம், மனிதருக்குத் தனி இடம். அந்த 38-இல் 37 அடையாளங்களின்படி அதே குடும்பங்கள் முன்னைவிட நன்றாக இருந்தன. 1988-இல் இது அச்சில் வந்தது. பல்கலைக்கழகங்கள் தேடிக்கொண்டிருந்த அளவுகோல் அந்த வீடுகளின் உள்ளேயே கிடந்தது. ஒருவரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்த 1988-லேயே குஜராத்தில் ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டமும், அடுத்த ஆண்டு பெங்களூரின் மைராடாவும் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்து பார்த்தன. 1989 முதல் 1991 வரை சேம்பர்ஸ் ஐதராபாத்தில் தங்கி இதைக் கூடவே இருந்து பார்த்தார். நம் பக்கத்தில் மதுரையைச் சேர்ந்த ஸ்பீச் அமைப்பு இதைக் கையில் எடுத்தது. காரியம் இவ்வளவுதான்: கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, கையிலிருந்த குச்சியை ஊர்க்காரரிடம் கொடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருவது. படித்தவர்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி கிடையாது. எழுத்து தெரியாதவர்களால் படம் போட முடியுமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது.

பெண்கள் கோலமாவை எடுத்து வந்தார்கள். தினமும் விடியலில் நூல் பிசகாமல் புள்ளி வைத்துப் பழகிய விரல்களுக்குத் தெரு போடுவது ஒரு வேலையா? முதலில் கோயில், பிறகு தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், மேலத்தெரு, காலனி. வீட்டுக்கொரு கட்டம். கூரை வீட்டுக்கு ஒரு நிறப்பொடி, ஓட்டு வீட்டுக்கு வேறு நிறம். வேலைக்குப் போகும் ஆளுக்கொரு புளியங்கொட்டை, பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு ஒரு கூழாங்கல். பின்னாலிருந்து ஒரு குரல் வரும், அந்த மூலை வீட்டை விட்டுட்டியே என்று. கையால் அழித்துத் திரும்பப் போடுவார்கள். காகிதத்தில் தப்பாக எழுதினால் எழுதியவருக்குத்தான் தெரியும். தெருவில் தப்பாகப் போட்டால் ஊரே திருத்தும். திண்ணையில் உட்கார்ந்து பதில் சொன்ன பெரிய மனிதர் இங்கே கூட்டத்தில் ஒருவராக நின்றார். அதற்கடுத்த கேள்விதான் ஊரைக் கொஞ்சம் நிசப்தமாக்கும்: இதில் மிகவும் கஷ்டப்படுகிற வீடு எது?

அதே காலத்தில் பழைய வழியும் ஓய்ந்துவிடவில்லை. மால்கம் ஆதிசேசய்யா 1971-இல் அடையாறில் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் எண்பதுகளில் ஸ்லேட்டரின் நூலிலிருந்து மேலே சொன்ன ஐந்து தமிழ் ஊர்களுக்கும் திரும்பப் போனது. தமிழ்நாட்டின் நிதித்துறைச் செயலாளராக இருந்து ஆய்வாளராக மாறிய எஸ். குகன் இருவேல்பட்டுக்கும் தூசிக்கும் போனவர்களில் ஒருவர். 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 1993-94-இல் எஸ். ஜனகராஜனும், முன்பு பார்பரா ஹாரிஸாக வந்த பார்பரா ஹாரிஸ்-வைட்டும் நேசல், விநாயகபுரம், வீரசம்பனூருக்கு வந்தபோது நிலத்தடி நீர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. கிணற்றை ஆழப்படுத்த முடிந்தவர் பிழைத்தார். முடியாதவர் வறண்ட கிணற்றையும் அதற்கு வாங்கிய கடனையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆய்வு 2004-இல் நூலாக வந்தது. ஸ்லேட்டரின் மாணவன் பார்த்த படியாள் முறை, 2008-இல் இருவேல்பட்டுக்குப் போன ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் கண்ணுக்குப் பழங்கதையாகியிருந்தது. தலித்துகள் பழைய நிலக்காரரின் வாசலை நம்பியிருக்கவில்லை. ஆனால் தொண்ணூறு ஆண்டுக் கதையைச் சொன்ன இந்த ஆய்வுகளுக்கு ஒரு குறை இருந்தது. ஊரில் இன்றைக்கு அரிசி இல்லாத வீட்டுக்கு அவை அரிசி கொண்டுவரவில்லை.

கோலமாவு கொண்டுவந்தது. 2005-இல் தமிழ்நாடு அரசு உலக வங்கிக் கடனுதவியோடு புது வாழ்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பயனாளிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற பழைய சண்டை வந்தது. அதிகாரிகள் தயாரித்த வறுமைக்கோட்டுப் பட்டியலில் மாடிவீட்டுக்காரர் இருப்பார், குடிசைக்காரர் இருக்கமாட்டார் என்ற புகார் ஊருக்கு ஊர் இருந்தது. இம்முறை வேலை ஊராரிடமே போனது. தெருவில் வரைபடம் போட்டு, ஏழ்மையின் அடையாளங்களை அவர்களே பேசி முடிவு செய்து, ஒவ்வொரு குடும்பத்தையும் மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதியானவர் என்று பிரித்தார்கள். கணவனை இழந்தவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தவறாமல் கணக்கில் சேர்த்தார்கள். பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டி, கிராம சபையில் வாசித்து ஒப்புதல் வாங்கினார்கள். கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் அந்தப் பட்டியலை வைத்துத்தான் உதவிகளைப் பிரித்தது. பிறகு வந்த ஊரக வாழ்வாதார இயக்கமும் அதே முறையைத் தொடர்ந்தது. மகளிர் குழுக் கூட்டங்களில் மிகச் சாதாரணமாக அடிபடுகிற 'மக்கள் நிலை ஆய்வு' இதுதான். நம்ம பேரு மக்கள் நிலைப் பட்டியல்ல இருக்கா என்று விசாரிக்கிற குரலுக்குப் பின்னால் ஆக்ஸ்போர்டின் வேலைநிறுத்தமும், இருவேல்பட்டின் படியாளும், ஆரணிப் பக்கத்து வயல்களில் அலுத்துப்போன ஒரு கேள்வித்தாளும் இருக்கின்றன.

இந்தப் பட்டியலிலும் கோளாறு உண்டு. சத்தமாகப் பேசுகிறவர் பெயர் மேலே ஏறும்; சாதி பார்த்துச் சில வீடுகள் தள்ளிப்போகும்; உதவி வருகிறது என்று தெரிந்துவிட்டால் ஊரில் எல்லோரும் ஏழையாவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோலமாவு வரைபடத்துக்கு நேற்று தெரியாது. இந்த வீட்டில் கஷ்டம் என்று அது காட்டும். இந்த வீட்டு நிலம் எப்போது, யார் கைக்குப் போனது என்பதை அது வைத்துக்கொள்வதில்லை. அந்த விவரத்தில் பெரும்பகுதி 1918, 1940, 1977, 2004 என்று வந்த தடித்த ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது. தங்கள் ஊரின் நிலமும் கிணறும் கடனும் எப்படி மாறின என்று தெரிந்துகொள்ள நேசல்காரருக்கும் தூசிக்காரருக்கும் முழு உரிமை உண்டு. அந்த ஊர்க் கணக்குகள் தமிழில், அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில், கிராம சபை கூடும் நாளில் வரைபடத்துக்குப் பக்கத்தில் விரித்து வைக்கப்பட வேண்டும். பதில் சொன்ன ஊர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் இன்னும் செலுத்த வேண்டிய பாக்கி அது.